வாடை போன கையுறை

மகள் பயிற்சி முடித்து வந்ததும், கோல்கீப்பர் கையுறையை அப்பாவிடம் கொடுப்பது வழக்கம். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும் என்று, அவர் அதனுள் பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் காய வைப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"முன்னெல்லாம் இதை எடுத்தாலே குடலைப் புரட்டும். இப்ப வாடையே இல்லைங்க. உங்க வினிகர் தண்ணி நல்லா வேலை செய்யுது," என்றாள் அம்மா.

"வினிகர் தீர்ந்து ரொம்ப நாளாச்சே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையுறையை முகர்ந்து பார்த்தார். வெறும் குழாய்த் தண்ணீர் வாசனை. வெளியே சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே விரலை விட்டார், காய்ந்து கிடந்தது. வியர்வை உள்ளேயிருந்துதானே நனைக்கும்?

நிமிர்ந்தார். மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீம்ல இருந்து எடுத்துட்டாங்களாம்மா?"

"போன மாசமேப்பா."

"அப்ப தினமும் எங்க போற?"

"மைதானத்துக்குத்தான். வெளியில உக்காந்து பார்ப்பேன். கிளம்புறப்ப குழாயில நனைச்சுட்டு வருவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"கொழந்தைக்குத் தலை துவட்டுற மாதிரி இதைக் காய வைக்கிறீங்க. எப்படிப்பா சொல்றது?"

அவர் செய்தித்தாளைக் கசக்கி, வழக்கம்போல் ஒவ்வொரு விரலாகத் திணித்தார். மின்விசிறியைப் போட்டார்.

"காலையில காஞ்சுடும். நான் பந்தை உதைக்கிறேன், நீ பிடி. சாயங்காலத்துக்குள்ள இது நாறணும்."