முன்னால் போகிறவன்

ஸெனோன் பொத்தானை அமுக்கினான். மோட்டார் சைக்கிள் மூச்சே விடவில்லை.

வாசலில் வரிசையாக நின்ற மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவனைச் சுற்றி நின்றார்கள்.

"பேட்டரி அண்ணே, சந்தேகமே இல்ல," என்றான் காஸிக்.

"பேட்டரியா? பனிக்காலம் பூரா என் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்துலதான் கதகதன்னு இருந்துச்சு. எனக்குக்கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது," என்று சமையலறை ஜன்னலிலிருந்து இரேனாவின் குரல் வந்தது. ஸெனோனின் மனைவி.

சிரித்தார்கள்.

அவள் சொன்னது உண்மைதான். முதல் பனி விழுமுன் டாங்கை விளிம்புவரை நிரப்பி, கார்புரேட்டரை வடித்து, எலி புகாமல் புகைக்குழாய் வாயில் துணி அடைத்து, கம்பளி போர்த்தி வைக்கிறவன் ஸெனோன். ஏப்ரலில் மற்றவர்கள் வண்டி அடம்பிடித்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"துணியை எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சுடா."

வாசற்கதவருகே ஹலினா காத்திருந்தாள். புருஷனுடைய தோல் சட்டையைப் போட்டுக்கொண்டு, கை நீளத்தை மடித்து விட்டிருந்தாள்.

வருஷத்தின் முதல் சவாரி இது. அடுத்த ஊர் மாதா கோயிலில் சாமியார் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார். அதன் பிறகுதான் எங்கே போவதானாலும். இந்த வருஷம் அந்தக் கோயிலுக்குப் பின்னால் லெஷெக்கின் கல்லறையும் இருக்கிறது.

லெஷெக்கின் பெண்சாதி ஹலினா எல்லாருக்கும் முன்னால், ஸெனோனின் வண்டியில் வரட்டும் என்று கூட்டமாகப் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஸெனோனைக் கேட்கவில்லை. உயிர்ச் சிநேகிதனைப் போய் என்ன கேட்பது?

காஸிக் காரைக் கொண்டுவந்து கேபிள் போட்டான். விளக்கு எரிந்தது, ஹாரன் அலறியது, ஸ்டார்ட்டர் மட்டும் அசையவில்லை.

"ரிலே போயிருக்கும்."

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும்."

"உன் மாமியார் கடிச்சிருப்பாங்க, இந்தப் பக்கம் வந்தாங்கல்ல."

ஸெனோன் சீட்டைத் தூக்கி, நன்றாக இருக்கிற ஒயர்களையே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்க கிளம்புங்கப்பா. ஹலினாவை வேற யாராச்சும் ஏத்திக்கிட்டுப் போங்க."

"நல்லா இருக்கே! லெஷெக் அண்ணன் இருந்தா நம்மள விட்டுட்டு இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாரு. அவசரக்காரரு…"

காஸிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஸெனோனுக்குக் காது மடல் எரிந்தது.

ஹலினா அருகில் வந்தாள். வண்டியின் மேல் குனிந்தாள். வலது கைப்பிடியை ஒட்டி, எஞ்சினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான்.

வண்டி கிளம்பாவிட்டால் யாரும் முதலில் பார்ப்பது அதைத்தான். ஸெனோனின் வண்டி என்பதால்தான் ஒருவரும் பார்க்கவில்லை. காலையில், யாரும் வருமுன், அவனே அதை அணைக்கிற பக்கம் தள்ளி வைத்திருந்தான்.

ஹலினா பொத்தானைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

மற்றவர்கள் கண்ணில் படாதபடி தோளால் மறைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அதை மறுபக்கம் தள்ளினாள்.

"இப்ப அமுக்கு."

வண்டி உறுமியது.

"சொன்னேன்ல! எல்லாம் என் கேபிள்!" என்று காஸிக் குதித்தான்.

ஹலினா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இனி இறங்கச் சொல்ல முடியாது.

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி, மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. ஸெனோன் அதை முந்தினான். மற்றவர்கள் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தார்கள். லாரி மறைப்பதால் அவர்களுக்கு எதிரே சாலை தெரியாது. முதலில் முந்திப் போகிறவன் எதிரே பார்த்துவிட்டு, இடது கையை நீட்டி, வா என்று அசைப்பான். அந்தக் கையை நம்பித்தான் அடுத்தவன் லாரியைத் தாண்டுவான். இந்தக் கூட்டத்தில் எப்போதும் அப்படித்தான்.

கண்ணாடியில் காஸிக் தலையை நீட்டி நீட்டிப் பார்ப்பது தெரிந்தது.

ஸெனோனின் கை கைப்பிடியை விட்டு வரவில்லை.

போன அக்டோபரில், இதே சாலையில், இப்படி ஒரு லாரியைத் தாண்டும்போது அவனுக்கு நேர் பின்னால் வந்தவன் லெஷெக். மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கியிருந்தார்கள். லெஷெக் அவசரப்படவில்லை. ஸெனோன் கையைக் காட்டினான், அவன் வந்தான். வளைவில் வந்துகொண்டிருந்த காரை ஸெனோன் பார்த்திருக்கவில்லை.

போலீசிடம் சொல்லவில்லை. இரேனாவிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஹலினா அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். காற்றில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இந்தத் தடவை நானும் பாத்துட்டேன், ஸெனோன். வளைவு வரைக்கும் யாரும் இல்ல. கையைக் காட்டு."