உதிர்ந்த செண்பகம்

பாங்காக்கில் வேலை பார்க்கும் என் மகன் இளமாறனுக்கு வழியில் எந்தப் பூவைப் பார்த்தாலும் பெயர் தெரிந்தாக வேண்டும். நான் வந்த நாளிலிருந்து காலை நடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், வேலிக்கு வேலி நின்று செல்போனில் படம் பிடித்து, "அம்மா, இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?" என்பான். மந்தாரை, நித்தியகல்யாணி, நாகலிங்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். இவன் அப்பா செத்த பத்தாம் நாள், என் நாத்தனார்கள் எனக்குத் தலைகொள்ளாமல் பூ வைத்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் பிய்த்தெடுத்தபோது பக்கத்தில்தான் நின்றான். அன்றைக்கு எந்தப் பூவைப் பற்றியும் இவன் வாய் திறக்கவில்லை.

இன்று ஒரு மரத்தடியில் செண்பகம் உதிர்ந்து கிடந்தது. ஒன்றைப் பொறுக்கி, "என்ன வாசனை! மோந்து பாரும்மா" என்று என்னிடம் நீட்டினான். வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டேன். அவன் முகம் செத்துவிட்டது.

"ஐயோ, எடுத்துரும்மா. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"இந்த ஊர்ல என்னை யாருக்குடா தெரியும்? பாக்குறது நீ ஒருத்தன்தான்."