பாயின் இழுப்பு

விடியற்குளிரில் பாய்மரப் படகு கடலுக்குள் பறந்தது. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா என் இழுப்பை? உனக்கெல்லாம் இந்தப் படகுல எதுக்கு இடம்?" என்று கீழே கிடந்த துடுப்பைச் சீண்டியது.

துடுப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீனவரின் வலை நிறைய மீன். திரும்பும்போது உச்சி வெயில். பாய் ஈரத்துண்டாகத் தொங்கியது. மீன் கெட்டுப்போகுமே என்று துடுப்பு பதறியது.

"ஏய் காத்து, சோம்பேறி! ஊதித் தொலையேன்!" என்று பாய் கத்தியது.

"காலையில குளிர்ல கனமா இருந்தேன், லேசா மோதினாலே படகு ஓடுச்சு. வெயில்ல இளைச்சுட்டேன், இப்ப வேகமும் வரல," என்று காற்று முனகியது.

"எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு!"

மீனவர் துடுப்பை எடுத்தார். துடுப்பு தண்ணீரோடு மல்லுக்கட்டி, இடுப்பொடிய, படகைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடல்பக்கமிருந்து காற்று கிளம்பியது. பாய் சட்டென்று நெஞ்சை விரித்தது. படகு மணலில் ஏறி நின்றது.

பாய் கீழே குனிந்து பார்த்தது.

"கடைசியில நான்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கு. நீ இவ்வளவு நேரம் தண்ணியில என்ன விளையாடிட்டு இருந்தே?"