எலும்பு சேர்ந்துவிட்டது

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள். போன சீசனில் மாமரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து ஆணி வைத்துக்கொண்ட அவள் புருஷன் அர்த்தநாரி, ஊன்றுகோலை இறுகப் பிடித்தபடி நின்றான்.

"சேந்துருச்சுங்களா?" என்று கேட்டான்.

"இடுப்பு ஒடஞ்சா, ஆணி வச்சாலும் சில பேருக்கு ரத்தம் ஓடாம எலும்பு செத்துரும்."

"அப்ப, இனி நான் மரமேற முடியாதுங்களா?"

"யார் சொன்னது? உனக்கு அருமையா சேந்திருக்கு. தாராளமா ஏறலாம்."

அர்த்தநாரியின் முகம் வெளுத்துப்போனது. வரும் வழியில் பஸ் ஜன்னலில் மாங்கிளை உரசியதற்கே அவன் வியர்த்து நனைந்தது பழனாத்தாளுக்கு ஞாபகம் வந்தது. முடியாது என்று சொல்லக் கேட்கத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறான்!

வெளியே மாமனார் சென்னியப்பன் பரபரத்து எழுந்தார். ஊரில், முதலமடையில், மாந்தோப்பு பறிக்க ஆளில்லாமல் காய்த்துக் கிடந்தது.

"டாக்டரு என்ன சொன்னாரு அம்மிணி? இந்த வருசம் பையன் ஏறுவானா?"

"இனி மரத்துப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாருங்க மாமா."

அர்த்தநாரி ஒரு கணம் திகைத்து அவளைப் பார்த்தான். அப்புறம், வந்தபோது நொண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டிக்கொண்டு, அவள் பின்னால் நடந்தான்.