மூணாவது தடவை

பிரஷ் முனையில கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சு.

கடுகளவுதான்.

அவன் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். காஞ்சு கெட்டியா இருந்துச்சு.

இப்பதான் அந்தம்மா வயித்துலருந்து எடுத்த ஸ்கோப். அவங்களோடதா இருந்தா ஈரமா இருக்கும்.

இது அவங்களுக்கு முன்னாடி யாரோடதோ.

கேமரா வச்ச நீளக் குழாய் அது. நடுவுல சன்னமா ஒரு துவாரம். ஒவ்வொரு ஆளுக்கு அப்புறமும் அதுக்குள்ள பிரஷ்ஷ விட்டு இழுக்கணும். வெள்ளையா வர்ற வரைக்கும் இழுக்கணும். அப்புறம்தான் கிருமி மருந்துல முக்கணும். அழுக்கு இருந்தா மருந்து தோத்துப்போகும்.

காலையில, அந்தம்மாவுக்கு முந்துன ஆள் முடிஞ்சதும், ரெண்டு தடவை இழுத்தான். ரெண்டாவது தடவையும் மங்கலாத்தான் வந்துச்சு.

டாக்டர் கிளவுஸ் மாட்டிட்டு நின்னார். கழுவுறியா, இல்ல பூஜை பண்றியான்னு சவிதா சிஸ்டர் இந்தியில கத்துனாங்க.

மூணாவது தடவை இழுக்காம மருந்துல போட்டுட்டான்.

மும்பைக்கு வந்து ஏழு வருஷம். இந்த வார்டுல அவன்கிட்ட தமிழ் பேசுன முதல் ஆள் அந்தம்மாதான். சொர்ணத்தாய். தாராவியில இருக்காங்களாம். மேசையில படுத்துக்கிட்டே அவன் ஊர் பேரக் கேட்டாங்க. கோவில்பட்டின்னான்.

"நம்ம பக்கத்துப் பய இருக்கான். எனக்கென்ன பயம்"னு வாயத் தொறந்தாங்க.

பைப்புல தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பிரஷ்ஷ அதுல காட்டுனா போதும். கடுகு போயிரும். யாரும் கேக்க மாட்டாங்க.

சொன்னா வேலை போகும்.

சொல்லலைன்னா, அந்தம்மா வீட்டுக்குப் போயிருவாங்க. ரெண்டு நாள் கழிச்சு காய்ச்சல் வரும். வராமலும் போகலாம். வந்தா என்ன காய்ச்சல்னு அங்க யாருக்கும் தெரியாது.

பைப்ப மூடுனான்.

பிரஷ்ஷ ஒரு வெள்ளத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வெளிய வந்தான்.

சொர்ணத்தாய் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. மகன் வாங்கியாந்த டீ மடியில. தொண்டைக்கு அடிச்ச மருந்தோட மரப்பு போகாம ஒரு வாய்கூட குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.

அவனப் பாத்ததும் முகம் மலர்ந்துச்சு.

"ஏய்யா, இப்பக் குடிச்சுட்டுக் கெளம்பலாமா?"

"கொஞ்சம் இருங்கம்மா. டாக்டரக் கூட்டிட்டு வாரேன்."

அவன் திரும்பி வந்து ஊர்க்கதை பேசுவான்னு நெனச்சு, அந்தம்மா நகந்து இடம் விட்டாங்க.