பெருங்காயத் தாள்

தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

காலையிலிருந்து இது மூன்றாம் முறை. ஒரு ரவிக்கைகூடத் தைக்காத மிஷினுக்கு எதற்கு இத்தனை எண்ணெய் என்று கேட்க வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது.

ஜன்னலோரம் பத்திரிகை கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தியது. நான்காம் பக்கத்தில், தாதுபுஷ்டி லேகியத்துக்கும் சீமைக் குடைக்கும் நடுவில், அவளுடைய ஆறு வரி.

"ஸ்திரீகளுக்கு ஸ்திரீயே அளவெடுத்து, ரவிக்கை, பாவாடை முதலியன நேர்த்தியாய்த் தைத்துக் கொடுக்கப்படும். பாளையங்கோட்டை, பஜாருக்குப் பின்புறம், வேப்பமரத்து வீடு. ஒருமுறை விஜயம் செய்து திருப்தியடைவீர்."

கடைசி வரி பத்திரிகை மானேஜர் சேர்த்தது. லேகியத்துக்கும் அதே வரி. குடைக்கும் அதே வரி.

அவள் பெயரைப் போடவில்லை. பெண்பிள்ளை பெயரை அச்சில் போட்டால் நன்றாக இராது என்றார். வேப்பமரத்தைப் போட்டால் நன்றாக இருக்குமாம்.

விஜயம் செய்தவர்கள் மூன்று பேர்.

ஒரு குமாஸ்தா. கோட்டு தைக்க முடியுமா என்று கேட்டார்.

இன்னொருவர், மிஷின் விலைக்கு வருமா என்று கேட்டார்.

மூன்றாமவர் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். அவள் பெரிய கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும் போய்விட்டார்.

பெண் ஒருத்திகூட வரவில்லை.

போன மாதம் அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். "அடுத்த மாசக் கடைசி சனிக்கெழம வண்டியோட வாரேன். அதுக்குள்ள வேலை வந்தா பாப்போம். இல்லேன்னா மிஷினக் குடுத்திருவோம். நீ நம்ம வீட்டுக்கு வந்திரு. அடுக்களையில ஒனக்கு வேலையா இல்ல?"

அண்ணன் கெட்டவர் இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கெட்டவரோடு சண்டையாவது போடலாம்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

நேற்றுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஊரில் பத்திரிகை வந்தால் சாய்வு நாற்காலிக்குப் போகும். அங்கிருந்து மர அலமாரிக்குப் போகும். அடுக்களைப் பக்கம் அது வருவதே இல்லை. ஆண்கள் மட்டும் படிக்கும் தாளில் பெண்களைக் கூப்பிட்டு வைத்திருக்கிறாள். நல்ல சாமர்த்தியம்தான்.

வாசலில் நிழல் அசைந்தது.

வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பினாள்.

இரண்டு பெண்கள். மூத்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். பெருங்காய வாசனை அறை முழுக்கப் பரவியது. தாளில் லேகியம் பாதி கிழிந்திருந்தது. ஆறு வரியும் முழுசாக இருந்தன.

"பேப்பரெல்லாம் எங்க வீட்டு ஆம்பளையளோட சரி" என்றாள். "இது சேர்மக்கனி கடையில பெருங்காயம் மடிச்சுக் குடுத்த தாளு. அடுப்புல போடுததுக்கு முந்திப் படிச்சேன். பஜார் டெய்லர் அளவுக்குப் பழைய ரவிக்கையக் கொண்டாங்கான். அந்தப் பழசே இறுக்கிப் புடிக்குதுன்னுதான புதுசு கேக்கோம்? இவ என் கொழுந்தன் பொண்டாட்டி. நெசமாவே நீங்களே அளவெடுப்பியளா?"

அவள் தலையை ஆட்டினாள். அளவு நாடாவைத் தேடுவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். நாடா கழுத்தில்தான் கிடந்தது.

பெருங்காய நெடி என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்த இருவருக்கும் அளவெடுத்து முடிப்பதற்குள் இன்னும் இருவர் வந்தார்கள். இவர்கள் வேறு தெரு. ஒருத்தி கையில் கடுகு மடித்த தாள். மற்றவள் கையில் சுக்கு. கடை ஒன்றுதான்.

விளம்பரம் கொடுக்கப் போன அன்று பத்திரிகை ஆபீஸ் மூலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. விற்காத தாள்கள் கட்டுக் கட்டாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. இதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கடைக்காரர்களுக்கு எடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுவிடுவோம் என்றார் மானேஜர். யாருமே படிக்காமல் போகிறதே என்று அன்று பாவமாக இருந்தது.

வெளியே மாட்டு மணி கேட்டது.

செருமல் சத்தம். கதவு தட்டும் சத்தம்.

"உள்ள வந்துராதியண்ணே. அளவெடுத்துக்கிட்டிருக்கேன்."

உள்ளே யாரோ சிரித்தார்கள். அப்புறம் நாலு பேருமே சிரித்தார்கள். அண்ணன் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். வெகுநேரம் அங்கேயே நின்றார். மிஷினை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று வண்டிக்காரர் கேட்டார். அண்ணன் கையை அசைத்து அவரை நிறுத்தினார்.

அவள் கழுத்தில் நாடாவோடு வெளியே வந்தாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாடாவையே பார்த்தார்.

"வந்த வண்டியச் சும்மா திருப்ப வேண்டாம்ணே" என்றாள். "பேப்பர் ஆபீஸுக்கு ஓட்டச் சொல்லுங்க. விக்காத தாளு கெடக்கும். எவ்வளவு தருவாவளோ அவ்வளவையும் ஏத்திக்கிட்டு வந்து சேர்மக்கனி கடையில எறக்கிருங்க."

"தாளா? அது எதுக்குட்டி?"

"பெருங்காயம் மடிக்கதுக்கு."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"நாலாம் பக்கத்துல நம்ம ஆறு வரி இருக்கான்னு மட்டும் பாத்து ஏத்துங்க."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.