சாத்தாத ஜன்னல்

கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் கைலாஷ் வீட்டு மாடியறை. மூன்று மணி வெயில், சத்தம் வெளியே போகாதிருக்கச் சுவரில் ஒட்டிய முட்டைத் தட்டுகளின் குழிகளில் நிரம்பி நிற்கிறது. அக்கிரகாரத்தில் முட்டைத் தட்டா என்று கேட்டவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். ஐந்து வருடமாக அவர்களுடைய ஹார்ட்கோர் பேண்டுக்கு அலறல்தான் பாட்டு. டிரம்மில் முதல் அடி விழுந்ததும் எதிர்வீட்டு ஆஷா மாமி தன் ஜன்னலைப் படாரென்று சாத்துவாள். அந்தச் சத்தத்தைக் கணக்கு வைத்துத்தான் பாடகன் பிரஜின் வாயைத் திறப்பான். இன்று கேசட் கம்பெனிக்காரர் அலறல் வேண்டாமென்று கேட்ட புதுப் பாட்டு. கைலாஷ் கிதாரை மிருதுவாக மீட்டுகிறான். பிரஜின் மைக்கைப் பிடித்தபடி காத்திருக்கிறான். மாமியின் ஜன்னல் திறந்தே இருக்கிறது.

"எதுக்குடா நிக்கறே? பாடு," என்கிறான் கைலாஷ்.

பாடுகிறான். கரகரப்பு இல்லாத தன் குரல் யாருடையதோ போல் அவனுக்குக் கேட்கிறது. எதிரே மாமியின் விரல்கள் ஜன்னல் கம்பியில் தாளம் போடுகின்றன.

"கொள்ளாம்டா பிரஜின், நன்னாயிருக்கு. இன்னொரு தடவை பாடேன்," என்கிறாள் மாமி.

பிரஜின் தலையாட்டுகிறான். கைலாஷ் மறுபடி தொடங்குகிறான். பிரஜின் மைக்கோடு போய்த் தங்கள் ஜன்னலைப் படாரென்று சாத்துகிறான். அந்தச் சத்தத்துக்கு அவன் வாய் தானாக அகலத் திறந்துகொள்கிறது. கைலாஷ் மிருதுவாகவே மீட்டிக்கொண்டிருக்கிறான்.